சில்வர் பீச்சில் தன்னார்வ உயிர்காப்பாளர்கள்: டி-சர்ட்டும் விசிலும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மாசி மகம், ஆடி அமாவாசை, காணும் பொங்கல் என்றால் கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் கரையில் மணல் தெரியாத கூட்டம். போலீசாரும் தீயணைப்புத் துறையினரும் எத்தனை பேர் நின்றாலும் அவ்வளவு நீளமான கரைக்குப் போதாது. கல்லூரி மாணவர்களும் மீனவ இளைஞர்களும் உதவிக்கு நிற்கத் தயாராக இருக்கிறார்கள். ஆனால் பயிற்சி இல்லாமல் அவர்களை நிறுத்துவது ஆபத்து. மூழ்குபவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து மூழ்கிய செய்தி உங்கள் பத்திரிகையிலேயே அடிக்கடி வருகிறது.

முதலில் தகுதித் தேர்வு. ஆஸ்திரேலியாவில் 1907 முதல் தன்னார்வலர்கள் சங்கமாகச் சேர்ந்து கடற்கரைக் காவல் நிற்கிறார்கள். அங்கே சேர விரும்புபவர் 400 மீட்டரை 9 நிமிடத்துக்குள் நீந்த வேண்டும். அதோடு 200 மீட்டர் ஓட்டம், கடலில் 200 மீட்டர் நீச்சல், மறுபடி 200 மீட்டர் ஓட்டம், மூன்றும் 8 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இந்த அளவை நம் ஊருக்கென்று குறைக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. மணலில் ஓடி இளைத்த மூச்சோடுதான் யாரும் அலையில் இறங்கப் போகிறார்கள்.

அடுத்து, கடலைப் படிப்பது. எங்கே அலை உடையாமல் தண்ணீர் சற்றுக் கருத்து, அமைதியாகத் தெரிகிறதோ, எங்கே நுரையும் கலங்கிய மணலும் கடல் பக்கம் நகர்கிறதோ, அங்கேதான் உள்ளிழுக்கும் நீரோட்டம் இருக்கும். குடும்பங்கள் குழந்தைகளோடு இறங்கத் தேர்ந்தெடுப்பதும் பெரும்பாலும் அந்த 'அமைதியான' இடத்தைத்தான். கரையில் கொட்டிய கற்சுவர்களை ஒட்டியும் இப்படி இழுக்கும். புதுச்சேரியில் கற்களுக்கு அருகே குளிப்பவர்களுக்கும் இது பொருந்தும். கெடிலம் ஆற்று முகத்துவாரத்தில் கடல்மட்டம் இறங்கும் நேரத்தில் ஆற்று நீரும் சேர்ந்து தள்ளும். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் மணல்திட்டும் பள்ளமும் இடம் மாறுவதால் போன ஆண்டு பார்த்த இடத்தை நம்ப முடியாது. இழுப்பில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப் போவார். மிதந்து கையை உயர்த்தட்டும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகரட்டும்.

காற்றே இல்லாத நாளிலும் தொலைதூரக் கடலில் உருவான பேரலை வந்து சேரும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களைப் பறிகொடுத்தது அப்படி ஒரு கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்த காலத்தில்தான். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் (INCOIS) நிறுவனத்தின் அலை எச்சரிக்கையைப் படித்துவிட்டே காவல் தொடங்க வேண்டும்.

மூழ்குபவர் கையசைத்துக் கத்துவார் என்று காத்திருப்பது பெரிய தவறு. வாய் நீர்மட்டத்தில், தலை பின்னால் சாய்ந்து, உடல் செங்குத்தாக, கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும், சத்தமே வராது. இந்த நிலை பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட நீடிக்காது. இதைக் கண்டுபிடிக்கும் கண் சோர்ந்துவிடும் என்பதால் அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்ற வேண்டும்.

இறங்காமல் காப்பாற்றுவதைத்தான் அதிக நேரம் பழக வேண்டும். 15 முதல் 20 மீட்டர் கயிற்றைப் பையில் அடைத்து, நுனியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆளின் தோளைத் தாண்டி விழும்படி வீச வேண்டும். தவறினால் கயிற்றை மறுபடி அடைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. பையில் தண்ணீரை மொண்டு, அந்த எடையில் இரண்டாவது முறை வீசலாம். நம் கரையில் எளிதாகக் கிடைப்பது நைலான் கயிறு. அது மூழ்கும், மெல்லியதாக இருந்தால் கையையும் அறுக்கும். மிதக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிறு, 8 மி.மீ.க்குக் குறையாத தடிமனில் வேண்டும். மிதவை இல்லையென்றால் மூடி இறுக்கிய 20 லிட்டர் காலி கேன் போதும். தண்ணீரில் ஓர் ஆளின் தலையை மேலே நிறுத்த 5 கிலோ அளவு மிதப்புவிசையே போதுமானது.

நீந்தித்தான் போக வேண்டுமென்றால் ரெஸ்க்யூ டியூப் (ஆளைப் பிடிக்கவைத்து இழுத்து வரும் நீள மிதவை) இல்லாமல் போகக் கூடாது. பதறுபவருக்கு 2 மீட்டர் முன்பே நின்று டியூபை அவர் பக்கம் தள்ள வேண்டும். மீறிக் கழுத்தைப் பிடித்துவிட்டால் மேலே வரப் போராடாமல் கீழே மூழ்க வேண்டும். அவருக்குத் தேவை மேலே இருக்கும் காற்று, தானாகவே விட்டுவிடுவார். நீச்சல் குளப் பயிற்சியில் யாரும் சொல்லித் தராத ஒன்று உண்டு: நம் மக்கள் புடவை, வேட்டி, ஜீன்ஸோடு கடலில் இறங்குபவர்கள். நனைந்த புடவை காலைச் சுற்றும், முந்தானையைப் பிடித்து இழுத்தால் கழுத்து இறுகும். பயிற்சியில் மூழ்குபவராக நடிப்பவருக்குக் கட்டாயம் புடவை கட்டிவிட வேண்டும். மாணவர்கள் சிரிப்பார்கள்; பரவாயில்லை.

கரைக்கு வந்த பிறகுதான் அதிகம் தவறு நடக்கிறது. வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது இரண்டும் கூடாது. வயிற்று நீரும் உணவும் மூச்சுக்குழலுக்குள் போகும், நேரமும் வீணாகும். நீர்க்கோட்டுக்கு இணையாக, கெட்டியான மணலில் மல்லாக்கக் கிடத்துங்கள். தலை சரிவில் இருக்கக் கூடாது. மூச்சு இல்லையென்றால், மூழ்கியவருக்கு முதல் தேவை காற்று. முதலில் 5 செயற்கை மூச்சு (சில பாடத்திட்டங்களில் 2), பிறகு 30 நெஞ்சழுத்தம், 2 மூச்சு என்று தொடர வேண்டும். பெரியவர்களுக்கு அழுத்தம் 5 செ.மீ.க்குக் குறையாமல், 6 தாண்டாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120. வாயில் வரும் நுரையைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டாம். வாந்தி வந்தால் பக்கவாட்டில் புரட்டித் துடைத்துவிட்டுத் தொடருங்கள். 2 நிமிடத்துக்கு ஒருமுறை கை மாறாவிட்டால் அழுத்தத்தின் ஆழம் குறைந்துவிடும். எழுந்து உட்கார்ந்து 'நல்லாத்தான் இருக்கேன்' என்பவரையும் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்; நுரையீரலுக்குள் போன நீரின் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தெரியலாம்.

மீனவ இளைஞர்களுக்குக் கடல் தெரியும், சி.பி.ஆர். (மேலே சொன்ன நெஞ்சழுத்தமும் செயற்கை மூச்சும்) பழக்கம் குறைவு. மாணவர்களிடம் நேர்மாறு. இருவரையும் ஜோடியாகப் போடுவது நல்லது.

வாரம் இரண்டு நாள் என்றால் இதற்கு இரண்டு மாதம் ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் விடாது. ஆகவே ஆகஸ்டில் தொடங்கி செப்டம்பரில் முடித்து, காணும் பொங்கலுக்கு முன் ஒரு மறுதேர்வு வைக்கலாம். சான்றிதழ் ஓராண்டுக்கு மட்டுமே செல்ல வேண்டும். அமெரிக்கப் பனிச்சறுக்கு மலைகளில் 1938 முதல் இயங்கும் தேசியப் பனிச்சறுக்குக் காவல் (நேஷனல் ஸ்கி பேட்ரோல்) அமைப்பின் தன்னார்வலர்கள்கூட ஆண்டுதோறும் முதலுதவிப் பாடத்தைப் புதுப்பிக்கிறார்கள். கோவாவில் உள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் உயிர்காப்புப் பயிற்சி தருகிறது. மாவட்ட நிர்வாகம் முதல் அணியை அங்கே அனுப்பினால், பின்னர் அவர்களே இங்கே கற்றுத் தருவார்கள்.

பெரிய செலவில்லாத ஒரு கோரிக்கையும் உண்டு. கரை நெடுக 100 மீட்டருக்கு ஒரு கம்பம் நட்டு எண் எழுதுங்கள். 108-க்கும் கடலோரக் காவலின் 1093-க்கும் அழைப்பவர் 'பீச்சில்' என்று மட்டும் சொன்னால் ஆம்புலன்ஸ் எந்த வழியில் இறங்கும்?

இப்படிக்கு,
கடல்நீச்சல், முதலுதவிப் பயிற்றுநர்கள்,
கடலூர்.