கோவளத்தில் மூச்சுமுட்டும் கடற்கரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கேரளத்தின் கோவளம் போய் வந்தோம். பிள்ளைகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கலங்கரை விளக்கத்தில் ஏறி விழிஞ்ஞம் வரை பார்த்தார்கள். காலையில் கரைமடி வலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுத்த மீனவர்கள் இவர்களையும் கயிறு பிடிக்க விட்டார்கள். விசில் ஊதி ஊதி எல்லோரையும் கவனித்துக்கொண்ட உயிர்காப்பாளர்களைப் பாராட்டியே ஆக வேண்டும்.

ஆனால், கடலுக்கு முதுகைக் காட்டி நின்று பார்த்தால் மனம் கனக்கிறது. மணலை ஒட்டி ஓட்டலும் கடையுமாக இடைவெளியே இல்லை. குடைகளும் சாய்வு நாற்காலிகளும் போக, உட்கார இடம் தேட வேண்டியிருந்தது. வலை காயப்போட அந்த மீனவர்களுக்கும் இடமில்லை. ஓரிடத்தில் கட்டடங்களுக்கு நடுவிலிருந்து வந்த சாக்கடை நீர், கருமணலில் கோடு கிழித்துக் கடலில் கலந்தது. என் மகள் அதைத் தாண்டித்தான் அலைக்கு ஓடினாள். கடல்நீர் ஏற்றத்தின்போது எட்டும் எல்லையான உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் விதி 1991 முதலே நாட்டில் இருக்கிறது!

எங்கள் மாவட்டத்தின் முட்டம், சொத்தவிளை கடற்கரைகளுக்கும் மக்கள் வருகிறார்கள். வரட்டும், ஊருக்கு வருமானம் வேண்டும். ஆனால், அங்கே புதிய கட்டடத்துக்கு அனுமதி தரும் முன், கழிவுநீர் எங்கே போகும், வலைக்கும் வள்ளத்துக்கும் எவ்வளவு இடம் என்பதை மீனவ மக்களிடம் கேட்டு மாவட்ட நிர்வாகம் முடிவு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகி, நாகர்கோவில்