செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

நியூ ஜெர்சியில் நம் தமிழ் நாணயச் சேகரிப்பாளர் வட்டத்தின் மாதக் கூட்டங்களும் கோடைக்கால நாணயப் பரிமாற்றமும் வழக்கம்போல நடந்தன.

இவ்வாண்டின் பெரிய பணி, மார்கன் டாலர் என்னும் பழைய அமெரிக்க வெள்ளி நாணயங்களின் கண்காட்சி. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, 1917இல் ஒரு ரூபாய்த் தாள் வந்தது. மக்களோ வெள்ளி ரூபாயைத்தான் கேட்டார்கள். 1918இல் இங்கே பிட்மன் சட்டம் இயற்றி, 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். அதில் பெரும்பகுதி பிரிட்டன் வழியாக இந்தியாவுக்குப் போனது. ஒரு டாலரில் 24.06 கிராம் தூய வெள்ளி, ரூபாயில் 10.69 கிராம். ஆக, டாலர் ஒன்றுக்கு இரண்டேகால் ரூபாய் கிடைத்திருக்கும். நம் பாட்டன்மார் மடியில் முடிந்து வைத்த காசில் அமெரிக்காவின் நெவாடா மாநிலச் சுரங்க வெள்ளியும் கலந்திருக்கலாம் என்றபோது பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவே இல்லை.

இதற்கு எதற்குச் செலவு என்று கேட்டவர்களில் ஒருவரும் பார்க்க வரவில்லை. அவர்களில் சிலர் இரண்டு ஆண்டுச் சந்தாவும் செலுத்தவில்லை. வெள்ளி விலை ஏறியதும் பழைய காசுகளை உருக்குபவரிடம் எடைக்குப் போட்டவர்களும் நம்மில் உண்டு. 1964 வரையிலான வெள்ளிக் கால் டாலர்கள் மீண்டும் கிடைக்கும். நெவாடாவின் கார்சன் சிட்டி நாணயசாலையில் அச்சான, தேய்மானமில்லாத மார்கன் திரும்பக் கிடைக்குமா? விற்குமுன் பின்புறத்தில் மலர்வளையத்துக்குக் கீழே 'சிசி' முத்திரை இருக்கிறதா என்றாவது பாருங்கள்.

சந்தைக்கடையில் வாங்கிய மார்கன் ஒன்றைப் புதிய மின்னணுத் தராசில் வைத்தோம். 26.73 கிராம் இருக்க வேண்டியது வெகுவாகக் குறைந்தது, காந்தத்திலும் ஒட்டிக்கொண்டது. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. தராசு வாங்கியது வீண் என்ற பேச்சுக்கு இதுவே பதில்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக உள்ளன; கையிருப்பு சற்றே குறைந்திருக்கிறது. விவரங்கள் பொருளாளரிடம் உள்ளன. தலைவருக்கும், இடம் தந்த நூலகத்துக்கும், காபி கொண்டுவந்த குடும்பங்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு, மார்கனுக்கு அடுத்து வந்த வெள்ளி நாணயமான, 1921 முதல் 1935 வரையிலான அமைதி டாலர்களை வைத்துக் கண்காட்சி நடத்த விருப்பம். கண்ணாடிப் பெட்டிக்கு வாடகை கட்ட வேண்டும். கூடவே நிற்க இரண்டு பேர் வேண்டும். பெயர் கொடுப்பவர்கள் இன்றே கொடுக்கலாம். சந்தாப் புத்தகமும் கையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்