செயலாளரின் ஆண்டறிக்கை: நேப்பியர் பாலமும் பிற பணிகளும்

தலைவர் அவர்களுக்கும் கட்டடத் தொழிலாளர் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகளை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. நலவாரியப் பதிவைப் புதுப்பிக்கப் பலருக்கும் உதவினோம். வேலையில்லாத மழை நாட்களில் வியாசர்பாடி அலுவலகத்தில் நடந்த தொழில் வகுப்புகளுக்கு நல்ல கூட்டம். சூடான தேநீர்தான் காரணம் என்பது பொருளாளரின் கருத்து.

அந்த வகுப்புகளின் தொடர்ச்சியாக நேப்பியர் பாலத்துக்குச் சென்று வந்தோம். தண்டையார்பேட்டையிலிருந்து மெரினாவுக்குப் போகும்போது பஸ் ஜன்னலில் கண்டு பழகிய பாலம்தான். இறங்கி நின்று பார்த்தவர்கள் நம்மில் குறைவு.

1869-இல், பிரான்சிஸ் நேப்பியர் ஆளுநராக இருந்தபோது, இங்கே கட்டப்பட்டது இரும்புப் பாலம். இன்றைய கான்கிரீட் வளைவுகள் உலகப்போருக்கு நடுவே, 1943-இல் எழுந்தவை. மொத்தம் ஆறு கண்கள், அதாவது தூணுக்குத் தூண் ஆறு இடைவெளிகள். 1999-இல் பாலத்தை அகலப்படுத்தியபோது, அதே வடிவத்தில் பக்கத்திலேயே இன்னொன்றைக் கட்டினார்கள். பழைய உருவத்தைக் கெடுக்காத அந்த முடிவைப் பாராட்டத்தான் வேண்டும்.

சாதாரண வளைவு தன் இரு முனைகளிலும் வெளிப்பக்கமாக உதைக்கும். அதைத் தாங்கக் கனத்த கரைச்சுவரோ பாறையோ வேண்டும். கூவத்தின் முகத்துவாரத்தில் பாறைக்கு எங்கே போவது? எனவே நாண் வில்லைப் பிடிப்பதுபோல, தளமட்டத்தில் ஓர் இழுவிட்டம் இரு முனைகளையும் பிணைத்திருக்கிறது. உதைப்பு அதிலேயே அடங்கிவிட, தூண்களுக்குப் பாரம் நேராக இறங்குகிறது. வண்டிகளின் எடை, வளைவிலிருந்து தளத்தைத் தாங்கி நிற்கும் தொங்கு கம்பங்கள் வழியே மேலேறி வளைவைச் சேர்கிறது. வளைவில் அழுத்தம், அது கான்கிரீட்டுக்கு ஏற்ற வேலை. கம்பங்களும் இழுவிட்டமும் இழுபடுகின்றன. அங்கே உழைப்பது உள்ளிருக்கும் கம்பி. இதைக் கேட்டதும் கம்பி கட்டும் தோழர்களுக்கு வந்த பெருமிதத்தைப் பதிவு செய்யாமல் இருக்க முடியவில்லை.

2022 செஸ் ஒலிம்பியாடுக்காகப் பூசிய கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் பற்றி அங்கேயே வாக்குவாதம் மூண்டது. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்தால் பருத்து, மேல் கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும். முதலில் தெரியும் மயிரிழை வெடிப்பைப் பெயிண்ட் மறைத்துவிடாதா என்றார் மூத்த மேஸ்திரி ஒருவர். வெள்ளைக் கட்டத்தில் துருக்கறை பளிச்சென்று தெரியுமே என்று ஓர் இளைஞர் மடக்கினார். என் வாக்கு மேஸ்திரிக்கு. தொங்கு கம்பங்களை அருகிலிருந்து சோதிக்கக் கோரும் கடிதத்தின் வரைவு இன்று உங்கள் ஒப்புதலுக்கு வருகிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் சாப்பாட்டுக்கு முன்பே அவரைப் பார்த்துவிடவும்.