தீம் பார்க்கில் தண்ணீர் என்ன விலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் கடலூர், பண்ருட்டி, நெய்வேலி, சிதம்பரம் பக்கத்துக் குடும்பங்கள் வேன் பிடித்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தீம் பார்க்குகளுக்குக் கிளம்பிவிடுகின்றன. டிக்கெட் விலை முன்பே தெரியும் என்பதால் அதற்கான பணத்தை எடுத்து வைத்துவிடுகிறார்கள். கணக்கு உதைப்பது உள்ளே போன பிறகுதான். வெளியே 20 ரூபாய்க்குக் கிடைக்கும் தண்ணீர் பாட்டிலை உள்ளே 40, 50 என்று விற்கும் இடங்கள் உண்டு. கத்திரி வெயிலில் நாள் முழுக்க நிற்கும் நான்கு பேருக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். தண்ணீருக்கு மட்டுமே 500 ரூபாய் என்றால் சாப்பாட்டுக்கு எங்கே போவது? இந்த விலை எங்கிருந்து வருகிறது என்பதை உணவுக்கடை, கேட்டரிங் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் சொல்ல விரும்புகிறோம்.

உருளைக்கிழங்கு ஃபிரைஸை எடுத்துக்கொள்ளுங்கள். உறைய வைத்து வரும் பாக்கெட் இரண்டரை கிலோ. கிலோ 140 ரூபாய் என்றால் பாக்கெட் 350. கப்புக்கு 120 கிராம் வீதம் போட்டால் 20 கப் தேறும், கப்புக்கு 17.50 ரூபாய். எண்ணெய், கேஸ், காகிதக் கப், மசாலா, சேதாரம் எல்லாம் சேர்த்து 10 ரூபாய், ஆள் கூலி 8 ரூபாய் போடுவோம். 35.50 ரூபாயில் பண்டம் தயார். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் 60 ரூபாய்க்குக் கொடுத்தாலும் கட்டுப்படியாகும். அதே கப் பூங்காவுக்குள் 150 ரூபாய்.

இடையில் இருக்கும் பணம் கடைக்காரர் கைக்குப் போகிறது என்று மக்கள் நினைக்கிறார்கள். அது சரியில்லை. கடையை டெண்டரில் எடுக்கும்போது மாத வாடகை ஒன்று, விற்பனையில் பங்கு ஒன்று என்று இரண்டும் எழுதி வாங்கப்படுகின்றன. வாடகை 2 லட்சம், பங்கு 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வார நாட்களில் ஈ ஓட்ட வேண்டியதுதான். மாதத்தில் எட்டு சனி, ஞாயிறுகளில்தான் வியாபாரம். ஆக, ஒரு வியாபார நாளின் தலையில் 25,000 ரூபாய் வாடகை விழுகிறது. அன்று கப்புக்கு ஒன்றாக 500 பில் போட்டால் பில்லுக்கு 50 ரூபாய். 150 ரூபாயில் 25 சதவீதப் பங்கு 37.50. இரண்டும் சேர்ந்து 87.50! வாடகை, பங்கு இரண்டுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. 5 சதவீத வரியில் நடக்கும் உணவுக்கடைக்கு உள்ளீட்டு வரியை, அதாவது தான் வாங்கியதற்குக் கட்டிய வரியை, கழித்துக்கொள்ளும் வசதி கிடையாது என்பதால் அந்த 15.75 ரூபாயும் பண்டத்தின் மேல்தான் ஏறும். வாடிக்கையாளர் தரும் 5 சதவீத வரியையும் கட்டிய பிறகு கடைக்காரருக்கு நிற்பது நாலைந்து ரூபாய். மழை பெய்து ஒரு ஞாயிறு போனால் அதுவும் இல்லை. அதனால்தான் கப் சின்னதாகிறது, எண்ணெய் கறுத்த பிறகும் மாற்றப்படுவதில்லை, 400 மில்லி குளிர்பானக் கப்பில் பாதி ஐஸாக இருக்கிறது. (ஐஸ் இல்லாமல் கேளுங்கள், அதற்கும் அதே விலைதான்.)

ஆகவே, கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. வெளி உணவைக் கேட்டில் தடுத்து, உள்ளே ஒரே ஆளுக்கு உரிமை கொடுத்து, அந்த உரிமைக்கு அதிகத் தொகை கேட்பவரிடமே கடையை ஒப்படைக்கும் முறை இருக்கும்வரை விலை இறங்காது.

எம்ஆர்பி விஷயத்துக்கு வருகிறோம். எடையளவுச் சட்டத்தின் கீழுள்ள பொட்டலப் பொருள் விதிகள் 2011-இன்படி அச்சிட்ட விலைக்கு மேல் சில்லறை வியாபாரி விற்கக் கூடாது. அந்த விலையில் எல்லா வரியும் அடக்கம். ஒரே பொருளுக்கு இடத்துக்கு ஒரு எம்ஆர்பி அச்சிடும் தந்திரமும் 2018 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் ஓட்டல்களும் உணவகங்களும் சேவையையும் சேர்த்துத் தருவதால் பாட்டில் தண்ணீருக்கு எம்ஆர்பியை விடக் கூடுதலாக வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூங்காக் கடைகள் பலவும் இந்தத் தீர்ப்பைத்தான் காட்டுகின்றன. மேசை, நாற்காலி, மின்விசிறி, பரிமாற ஆள் என்று இருக்கும் இடத்துக்கு அது சரி. ஜன்னல் வழியே பாட்டிலை நீட்டிவிட்டு 'அடுத்த ஆள்' என்று கூப்பிடும் கடைக்கு என்ன சேவை இருக்கிறது? இந்த இரண்டையும் அதிகாரிகள் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக் கப்பில் கொட்டியும், பாட்டில் பானத்துக்குப் பதில் குழாயில் பிடித்துத் தரும் பானம் வைத்தும் எம்ஆர்பியே இல்லாமல் செய்துவிடுவது இன்னொரு வழி. அங்கே எத்தனை கிராம், எத்தனை மில்லி என்பதையாவது விலைப்பலகையில் எழுத வைக்க வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் பாட்டில் தண்ணீருக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. 20 ரூபாய் பாட்டில் கணக்குப்படி 17.80 ஆக வேண்டும். ரயில்வேயில் ஒரு லிட்டர் ரயில் நீர் அன்றைக்கே 15-லிருந்து 14 ரூபாய்க்கு இறங்கியது. அந்தக் குறைப்பு பூங்காக்களின் விலைப்பலகையிலும் தெரிய வேண்டாமா?

உண்மையில் பாட்டில் வாங்க வேண்டிய தேவையே இருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தண்ணீர் பாக்கெட் தடை செய்யப்பட்டது நல்ல காரியம். ஆனால் ஏழைப் பிள்ளை ஓரிரு ரூபாயில் தாகம் தீர்த்துக்கொண்டிருந்த பாக்கெட் போன இடத்தில் குடிநீர்க் குழாய் வந்திருக்க வேண்டும். பல இடங்களில் வரவில்லை. வந்த இடத்திலும் கழிப்பறைச் சுவரோரம் ஒரு மூலையில் இருக்கிறது. அருகில் போய்ப் பாருங்கள்: குழாய்க்கும் கீழே உள்ள தட்டுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி. ஒரு லிட்டர் பாட்டில் நேராக நிற்காது. சாய்த்துப் பிடித்தால் பாதிக்கு மேல் நிரம்பாது. மத்தியானம் கூட்டம் சேர்ந்ததும் கூலரில் குளிர்ந்த தண்ணீர் தீர்ந்து, மொட்டை மாடி டேங்கில் காய்ந்த தண்ணீர் சுடச்சுட வரும். ஒரு வாய் குடித்துவிட்டுப் பிள்ளைகள் கடைக்குத்தான் ஓடுவார்கள்.

சரியாகச் செய்ய என்ன ஆகும்? நாளைக்கு 3,000 பேர், தலைக்கு 3 லிட்டர் என்றால் 9,000 லிட்டர். மணிக்கு 1,000 லிட்டர் தரும் ஆர்ஓ சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்பது மணி நேரம் ஓடினால் போதும். முந்தின இரவே ஓட்டி நிரப்பி வைக்கலாம். நம் கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பு. முன்வடிகட்டியைக் காலத்தில் மாற்றாவிட்டால் இயந்திரத்தில் உப்பை வடிகட்டும் சவ்வு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கழிவு நீரும் அதிகம் வரும். அதைக் கழிப்பறைக்குத் திருப்பிவிடலாம். டேங்குக்குக் கூரை, குழாயடியில் 30 சென்டிமீட்டர் இடைவெளி, கூட்டம் கூடும் இடம் ஒவ்வொன்றிலும் ஒரு கூலர். இதெல்லாம் முடியாது என்றால் 20 லிட்டர் கேன் வாங்கி வைக்கட்டும். கேன் 35 ரூபாய் என்றாலும் 9,000 லிட்டருக்கு 15,750. தலைக்கு ஐந்தேகால் ரூபாய். அதை டிக்கெட்டிலேயே சேர்த்துக்கொண்டாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

வெளி உணவு விஷயத்தில் பூங்காக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. சோற்றுப் பருக்கையும் பிளாஸ்டிக்கும் நீச்சல் குளத்தில் விழுந்தால் வடிகட்டி அடைக்கும், எலி வரும். அதற்காகக் கட்டுச்சோற்றைக் கேட்டிலேயே குப்பைத்தொட்டியில் போடச் சொல்வதா? விடியற்காலையில் எழுந்து கிளறிய புளிசோறும் உருளைக்கிழங்கு வறுவலும் தொட்டியில் கிடப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது. வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டி ஒரு கொட்டகை, கை கழுவக் குழாய், வெளியே வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் போகக் கையில் ஒரு முத்திரை: இவ்வளவு போதும். சினிமா அரங்குகள் பற்றிய வழக்கில் 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம், வெளி உணவைத் தடுக்கும் உரிமை அரங்குக்கு உண்டு என்றபோதே, இலவசக் குடிநீர் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவை அனுமதிக்க வேண்டும் என்றும் சொன்னது. இரண்டரை மணி நேரப் படத்துக்கே இப்படி என்றால், எட்டு மணி நேரம் வெயிலில் நிற்கும் இடத்துக்கு?

புகார் செய்வோருக்கு ஒரு வார்த்தை. யுபிஐ ரசீதில் தொகை இருக்கும், பொருள் இருக்காது. அதனால் பில்லைக் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். 2022 ஜனவரி முதல் பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருந்தாக வேண்டும். பாட்டிலில் அச்சிட்ட விலையும் பில்லும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். எடையளவுச் சட்டத்தைத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை பார்க்கிறது. பூங்கா புதுச்சேரி எல்லைக்குள் என்றால் புகார் அங்குள்ள எடையளவுத் துறைக்குப் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கு அந்த அலைச்சல் இல்லை: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

தனியாரிடம் கேட்கும் முன் அரசுகள் தம் சுற்றுலா இடங்களில் தொடங்கலாம். சுண்ணாம்பாறு, பிச்சாவரம் போன்ற படகுத் துறைகளில் அடுத்த கேன்டீன் டெண்டர் விடும்போது படிவத்தில் மூன்று நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டுகிறோம்: நிரப்பிக்கொள்ள இலவசக் குடிநீர், பொட்டலப் பொருள் எதுவானாலும் அச்சிட்ட விலை, இட்லி, தயிர்சாதம், தேநீர் மூன்றுக்கும் உச்ச விலையை முன்கூட்டியே எழுதிவிட்டு, அதற்குள் கட்டுப்படியாகும் வாடகையை மட்டும் கேட்பது.

இப்படிக்கு,
உணவுக்கடை, கேட்டரிங் தொழிலில் உள்ள சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்