வேதிப் பெயரைப் பின்னாலிருந்து பிரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேலூர், உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் தமிழ்வழியில் படித்து மதுரைக் கல்லூரிகளுக்கு வரும் பிள்ளைகளை வேதியியலில் முதலில் மிரட்டுவது பாடமல்ல, ஆங்கிலப் பெயர்களின் உச்சரிப்புதான். அவர்கள் அலகிட்டுப் பழகியது யாப்பின் அசையை. அங்கே இரு குறில் இணைந்தால் ஒரே நிரையசை. ஆங்கிலத்தில் ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. அவற்றுள் ஒன்று ஓங்கும்; அந்த ஓங்கலே அழுத்தம். மற்றவற்றில் பல நம் குற்றியலுகரம்போலத் தேயும்.

மின்பகுப்புச் சொற்களையே பாருங்கள். இ-லெக்-ட்ர-லைட்: அழுத்தம் இரண்டாம் அசையில். இ-லெக்-ட்ரா-லி-சிஸ்: மூன்றாம் அசையில். இ-லெக்-ட்ர-லி-டிக்: நான்காம் அசையில். ஈறு மாற மாற அழுத்தம் நகர்கிறது. அதனால்தான் பெயரைப் பின்னாலிருந்து பிரிக்கச் சொல்கிறோம். 'இக்' என்று முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசை ஓங்கும்: சல்-ஃப்யூ-ரிக், அ-சீ-டிக். தனிமத்தின் பெயரான ஆர்செனிக் இதற்கு அடங்காது; அதில் முதல் அசைதான். 'லிசிஸ்' வந்தால் அதற்கு முன்னுள்ள அசை: ஹை-ட்ரா-லி-சிஸ். இதை 'ஹைட்ரோலைசிஸ்' என்று இழுப்பது வகுப்பறையில் ஊறிப்போன பிழை. அலுமினியம் ஐந்தசை, அழுத்தம் 'மி'யில். அமெரிக்கர்களின் அலூமினம் நான்கசை, அழுத்தம் 'லூ'வில். இரண்டும் சரியே.

அழுத்தம் இல்லை என்பதற்காக எல்லா ஈற்றையும் விழுங்கிவிடக் கூடாது. நைட்ரேட், நைட்ரைட் இரண்டிலும் ஓங்குவது 'நை'. ஆனால் ஒன்றில் ஆக்சிஜன் மூன்று, மற்றதில் இரண்டு என்று காட்டுவது ஈற்றசை மட்டுமே. ஆய்வகத்தில் வாய்ச்சொல்லைக் கேட்டு பாட்டிலை எடுப்பவருக்கு அந்த 'ஏ', 'ஐ' தெளிவாக விழ வேண்டும். ஈத்தேன், ஈத்தீன், ஈத்தைன் என்பவற்றுக்கும் இதே கதிதான்.

இன்னொன்று, குளோரின். மெய் மொழிமுதல் ஆகாதென்று தமிழில் 'கு' சேர்க்கிறோம். தமிழுக்கு அது அழகு. ஆங்கிலத்தில் க்ளோ-ரீன் இரண்டே அசை. அங்கும் 'கு'வைச் சேர்த்தால் நான்கசை ஹைட்ரோக்ளோரிக் ஐந்தசையாகிவிடும்.

நீண்ட பெயரை முதலில் வேதி உறுப்புகளாக வெட்டுங்கள்: டை, மெத்தில், புரோப்பேன். பிறகு ஒவ்வொன்றிலும் அசை எண்ணி, ஓங்கும் அசைக்கு மேல் பென்சிலால் கோடிட்டு, மேசையில் தட்டிச் சொல்லிப் பாருங்கள். நாளுக்கு ஐந்து பெயர் போதும்.

தங்கள் கல்விப் பக்கத்தில் வாரம் பத்துப் பெயர்களை அசை பிரித்து, ஓங்கும் அசையைத் தடித்த எழுத்தில் அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்கள் சிலர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.