கையெழுத்தை எண்ணுவதற்கா இந்தச் செலவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளிகளில் கார் ஓட்டக் கற்றுத்தருவதைக் கண்காணிக்க அரசுப் பணம் எதற்கு என்று கேட்கிறார்கள். தேவை என்றுதான் நான் சொல்வேன். என் மகளின் பயிற்சி ஏட்டைப் புரட்டினேன், ஆறு வகுப்புக்கும் ஒரே பேனா, ஒரே மூச்சில் பயிற்றுநர் போட்ட கையெழுத்து. விசாரித்தால் இரண்டே முறைதான் ஸ்டீயரிங்கைப் பிடித்தாளாம், மற்ற நாளெல்லாம் பின்சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை. பயிற்றுநர் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை யாராவது மிதித்துப் பார்த்தார்களா என்பதும் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் சம்பளம், வண்டிச் சோதனை, பயிற்றுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அதைப் பள்ளியிடம் வசூலித்தால் அது பெற்றோர் தலையில்தான் விடியும், வசதியில்லாத பிள்ளை பயிற்சியே இல்லாமல் வண்டியை எடுக்கும். வண்டியே இல்லாதவர் ஏன் வரி கட்ட வேண்டும் என்றால், அவரும் அதே சாலையைத்தானே கடக்கிறார்!

ஆனால் எதற்குச் செலவழிக்கிறோம் என்பது முக்கியம். அமெரிக்காவின் டிகால்ப் கவுண்டியில் (நம்ம மாவட்டம் மாதிரி) சுமார் 16,000 மாணவர்களை வைத்து நடத்திய ஆய்வில், கார் ஓட்டும் பயிற்சி வகுப்பால் விபத்துகள் நீண்டகாலத்துக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை. வகுப்பை மட்டும் நம்பினால் போதாது. நியூசிலாந்து 1987-லேயே உரிமத்தைப் படிப்படியாகத் தரத் தொடங்கியது, புதிதாக ஓட்டுபவருக்கு நள்ளிரவில் தனியாக ஓட்டவும் நண்பர்களை ஏற்றவும் கட்டுப்பாடு. அப்புறம், ஏட்டைச் சரிபார்க்கும் ஆளை மாதம் ஒருமுறையாவது சொல்லாமல் கொள்ளாமல் அந்த வண்டியின் பின்சீட்டில் உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்