பருவ நிறைவுக் கடிதம்: வகுப்புக் காணொளிகள் குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைகிறது. தேர்வுகள் முடிந்தன, விளையாட்டு விழாவும் அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தேறின. பங்கேற்ற அனைவருக்கும் வாழ்த்துகள். நூலகப் புத்தகங்களை விடுமுறைக்கு முன் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

இனி, வகுப்புக் காணொளிகள் பற்றிச் சற்று விரிவாக.

மாணவர்கள் சோதனை செய்து விளக்கும் காணொளிகளை யூடியூபில் ஏற்றி, லிங்க்கை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தந்து வந்தோம். 'அன்லிஸ்டட்' அமைப்பில்தான் ஏற்றினோம். அப்படி ஏற்றினால் தேடலில் வராது. ஆனால் லிங்க் கிடைத்தவர் எவரும் பார்க்கலாம். யாராவது அதைத் தம் பொதுப் பிளேலிஸ்ட்டில் சேர்த்துவிட்டால் தேடலிலும் வந்துவிடும். இந்த அரைகுறை மறைப்பு போதும் என்று இருந்தது எங்கள் தவறு.

சில காணொளிகள் ஸ்கிரீன் ரெக்கார்டு செய்யப்பட்டு ஸ்டேட்டஸிலும் உறவினர் குழுக்களிலும் வந்தன. ஒன்று பாட்டுச் சேர்த்து ரீல்ஸாகவே வந்தது. பெருமையில் செய்ததுதான், தம் பிள்ளை பேசுவதை நாலு பேருக்குக் காட்ட யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் அந்த 3 நிமிடத்தில் உங்கள் பிள்ளை மட்டும் இல்லை. பக்கத்து மேசையில் இன்னொரு முகம், பின்னால் ஆசிரியர் ஒரு பெயரைச் சொல்லி அழைக்கும் குரல், சீருடையில் பள்ளியின் முத்திரை எல்லாம் இருக்கின்றன. ஒரு குழந்தையின் பெயரும், அது தினமும் எங்கே இருக்கும் என்பதும் முன்பின் தெரியாதவருக்குத் தெரிய இவ்வளவு போதும். படம் வெளியே வரக்கூடாது என்று எழுதிக் கொடுத்த குடும்பங்களும் உண்டு. அவர்களுடைய காரணங்களை நாங்கள் சொல்ல முடியாது. நீங்களும் கேட்க வேண்டாம்.

கோப்பாக அனுப்பாமல் லிங்க்காகத் தந்ததற்குக் காரணம் இருக்கிறது. லிங்க் என்றால், பள்ளி ஓரிடத்தில் நீக்கினால் எல்லார் கைப்பேசியிலும் நின்றுவிடும். ரெக்கார்டு செய்த கணமே அது தனிக் கோப்பாகிவிடுகிறது. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்தாலும், அதற்குள் சேமித்து வைத்தவரிடமிருந்து யாரும் திரும்ப வாங்க முடியாது.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: வகுப்புக் காணொளியைப் பதிவு செய்வதோ வெளியே பகிர்வதோ கூடாது. மீண்டும் நடந்தால், அந்த வகுப்புக்குக் காணொளி நிறுத்தப்படும். ஏற்கெனவே பகிர்ந்தவர்கள் இன்றே நீக்கிவிடுங்கள். கைப்பேசியின் கேலரியிலும் 'சமீபத்தில் நீக்கியவை' பகுதியிலும் கிடக்கும். அங்கும் பார்த்து நீக்குங்கள். யார் செய்தார் என்று விசாரிக்கப் போவதில்லை.

அடுத்த பருவத்திலிருந்து ஆசிரியர்கள் கேமராவை மாணவரின் தோளுக்குப் பின்னால் வைத்து, கையும் சோதனைப் பொருளும் மட்டும் தெரியும்படி எடுப்பார்கள். பேட்ஜைக் கழற்றிவிடுவார்கள். தப்பித் தவறி முகம் விழுந்தால் யூடியூப் ஸ்டுடியோவிலேயே மங்கலாக்கலாம். ஆனால் அந்த வசதி குரலைத் தொடாது. அதனால் படம் எடுக்காத இன்னோர் ஆசிரியர் ஹெட்போனில் முழுவதும் கேட்டு, பெயர் வரும் இடங்களை வெட்டிய பிறகே ஏற்றுவோம். பருவம் முடிந்ததும் எல்லாம் நீக்கப்படும்.

ஏற்றுவது இனி 'பிரைவேட்' அமைப்பில். நாங்கள் அழைத்த மின்னஞ்சல் கணக்கில் நுழைந்திருந்தால் மட்டுமே திறக்கும். லிங்க்கை அனுப்பினாலும் மற்றவருக்குத் திறக்காது. அதற்கு உங்கள் ஜிமெயில் முகவரி ஒன்று தேவை. பிள்ளையின் பெயரில் கணக்கு வேண்டாம். பல நாடுகளில் சொந்தமாகக் கூகுள் கணக்கு வைத்துக்கொள்ளக் குறைந்தது 13 வயது ஆக வேண்டும். 'தனிப்பட்ட வீடியோ' என்று வந்து திறக்கவில்லையா? பெரும்பாலும் கைப்பேசியில் வேறு கணக்கு இருக்கும். யூடியூபில் கணக்கை மாற்றிவிட்டுப் பாருங்கள். ஆட்டோபிளேயையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாடம் முடிந்த கையோடு சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று ஓட ஆரம்பிக்கும்.

வெளியே கண்டதும் பள்ளிக்குத் தெரிவித்த பெற்றோர்களுக்கும், கேட்டவுடன் மறுபேச்சின்றி நீக்கியவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பிள்ளையின் பங்கை மட்டும் தாத்தா பாட்டிக்குக் காட்ட விரும்பினால் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்; மற்றவர்கள் வராமல் வெட்டித் தருவோம்.

மின்னஞ்சல் முகவரியை மாணவர் நாட்குறிப்பில் எழுதி, விடுமுறை முடிந்து வரும் முதல் நாளில் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்